யாருக்கும் தெரியாத நிலாப் பாட்டுகள்

நிறுத்த வேண்டாம் சார், நீங்க பாட்டுக்குக் கேளுங்க. காதுல இருந்து அதைக் கழட்டுனப்ப கொஞ்சம் வெளிய கேட்டுது, அதான் திரும்பிப் பாத்தேன். மூன், மூன்னு வந்துதே. இங்கிலீஷ் ராக் பாட்டு. பழசு. அந்தக் கிட்டார் இழுக்குற இழுவையிலயே தெரிஞ்சுபோகும்.

இவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கீங்க. பாக்கத்தான் செய்வீங்க. நான் எட்டாங்கிளாஸ். கப்பல்ல சமையக்காரன். கஸ்மீர்னு பேரு, தூத்துக்குடி. ஆனா நிலாவப் பத்தின இங்கிலீஷ் பாட்டு எங்கிட்டயும் கொஞ்சம் இருக்கு. நான் கேட்டு வாங்குனது இல்ல. அதுவா வந்து ஏறி உக்காந்துட்டுது, இறங்க மாட்டேங்குது. நீங்க கேக்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டா இருக்கும். எங்கிட்ட இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது.

நீங்களும் நாகர்கோவில்தான? அப்ப பஸ்ஸு போயிச் சேர நேரம் கிடக்கு. மக வீட்டுக்குப் போறேன். எத்தன நாளைக்குன்னு கேட்டா. வந்து சொல்லுதேன்னேன். என்னத்தச் சொல்ல.

ரெமிஜியுஸ்னு ஒருத்தன். ரெமி. எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி. சின்ன வயசுப் பழக்கம்தான், ஆனா அவன் படிச்சு கப்பல்ல ஆபீசர் ஆயிட்டான், நான் கரண்டியப் பிடிச்சேன். அவன் அப்பா துறைமுகத்துல வேல பாத்தவரு. வெளிநாட்டுக் கப்பல் வந்து நின்னா, அதுல இருக்கிற பயலுவளுக்கு மக்ரூன் டப்பாவக் குடுத்து, பதிலுக்குப் பழைய ரெக்கார்டா வாங்கிட்டு வருவாரு. நல்ல ரெக்கார்ட எவன் குடுப்பான்? வேண்டாததைத்தான் தள்ளி விடுவானுக. ஒரே ஒரு ரெக்கார்டு போட்டுட்டுக் கலைஞ்சுபோன குரூப்பு, பேரே கேட்டிருக்க மாட்டீங்க, அந்த மாதிரி. அதுல நிலாப் பாட்டா பொறுக்கிப் பொறுக்கி ரெமி கிட்டார்ல ஏத்திக்கிட்டான். ஒரு பாட்டுல லாரிக்காரன் ஒருத்தன் விடிய விடிய நிலாவ முந்தப் பாப்பான். இன்னொண்ணுல ஒரு பொம்பள நிலா வரக்கூடாதுன்னு சன்னலச் சாத்துவா, புருசன் வந்து வந்து தொறப்பான். இப்படி.

எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடேம்லன்னு எவனாவது கேட்டா பாட மாட்டான். "அதைப் பாட ஊரெல்லாம் ஆள் இருக்கு. இதுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?"ம்பான். கொழுப்பு சார்.

என்னைய அந்தக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போனதே அவன்தான். இதை நல்லாக் கவனிங்க. ஜெரால்டா, அவன் தங்கச்சி, என்னமோ நான் அவனக் கெடுத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லுதா. நான் சும்மா வீட்டுல கிடந்தவன். "கஸ்மீர், நான் சீஃப் ஆபீசராப் போறேன், சமையலுக்கு ஆள் வேணுமாம், வாரியா?"ன்னு வந்து நின்னான். ஆன்சிக்கு, மகளுக்கு, மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்த நேரம். சரின்னு போனேன். அப்ப யாரு யாரக் கெடுத்தது?

கப்பல் பேரு எதுக்கு. முதலாளி எந்த நாட்டுக்காரன்னே எங்களுக்குச் சரியாத் தெரியாது. ஒருநாள் அவன் ஆபீஸ்ல போன எடுக்குறத நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான். செங்கடல் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளிய நங்கூரத்தப் போட்டு நிக்கோம். துறைமுகத்துக்காரன் உள்ள வராதேங்கான், வெளிய போகாதேங்கான். முதலாளி வச்ச கடனுக்குக் கப்பல் மேல கேசு. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டானுக. கேப்டன் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனாரு, அப்படியே அவரு நாட்டுக்குப் போயிட்டாரு.

கரை கண்ணுக்குத் தெரியும் சார். அதுதான் கொடும. கார் போறது தெரியும். சாயங்காலம் பிள்ளைக பட்டம் விடுறது தெரியும். கைய நீட்டுனா நூலப் பிடிச்சிரலாம் போல இருக்கும். ஆனா இறங்க முடியாது. ஜெயில்லயாவது எத்தன வருசம்னு சொல்லித்தான உள்ள போடுவான்? எங்களுக்கு அது இல்ல. நாளைக்கு நாளைக்குன்னே ஒரு வருசம் போச்சு.

டீசல் தீந்துது. பங்கா ஓடாது, வெளக்கு எரியாது, போன் செத்துப்போச்சு. தகரத்துல வெறகப் போட்டு நான் மேல்தளத்துல கஞ்சி காய்ச்சினேன். எங்க இருந்து வெறகு? சரக்கு அறையில கிடந்த பலகய உடைச்சதுதான். வண்டு விழுந்த அரிசி. தூண்டில் போட்டா ஏதாவது மீன் வரும், வந்தா குழம்பு. என்னைய ஒருத்தனும் பாராட்டலை, அது வேற. எல்லாரும் ரெமி ரெமின்னுதான் இருந்தானுக.

பொழுது சாயும்போது அவன் கிட்டாரத் தூக்கிட்டு வருவான். சரக்கு அறைக்கு மேல பெரிய இரும்பு மூடி இருக்கும், வீட்டு மொட்டமாடி அகலத்துக்கு. அதுமேல ஏறி உக்காருவான். நாலு கம்பிதான் மிச்சம், ரெண்டு அறுந்துபோச்சு. நிலா ஏற ஏறப் பாடுவான். இருட்டுல வேற என்ன செய்ய, எல்லாரும் வந்து சுத்தி உக்காந்துருவானுக. பர்மாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன், எல்லா நாட்டுக்காரனும். தலைய ஆட்டிக்கிட்டு.

எனக்கு எரிச்சலா வரும். "ஏம்ல, எந்நேரமும் நிலாவையே பாடுத? சூரியனப் பத்தி ஒருத்தனும் பாட்டுக் கட்டலையா?"ன்னு ஒருநாள் கேட்டுட்டேன்.

"சுத்திப் பாரு கஸ்மீர்"னான். "இங்க நகருறது அது ஒண்ணுதான்."

நான் பாத்திரத்தக் கழுவப் போயிட்டேன்.

இல்ல, நல்லதும் உண்டு, இல்லேங்கலை. அந்தப் பர்மாக்காரன், எஞ்சின்ல எண்ணெ போடுற பையன், கல்யாணமாகி பொண்டாட்டிய விட்டுட்டு வந்தவன், ஒருநாள் சாயங்காலம் கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பி மேல ஏறி நின்னுட்டான். குதிக்கப் போறேங்கான். எல்லாரும் கத்துதானுக. ரெமி கத்தலை. கிட்டாரோட பக்கத்துல போயி அந்த லாரிக்காரன் பாட்ட எடுத்தான். அதுல ஒவ்வொரு தடவையும் லாரிக்காரன் வேற ஒரு ஊர்ப் பேரச் சொல்லி, இந்த ஊர் தாண்டுனா உன்ன முந்திருவேம்பான். ரெமி அந்த ஊர்ப் பேருக்குப் பதிலா பர்மாக்காரன் ஊர்ப் பேரா சொல்லிச் சொல்லிப் பாடுதான். அந்தப் பையன் மொதல்ல தப்பாச் சொல்லுதன்னு திருத்துனான். அப்புறம் அடுத்த ஊரு எதுன்னு எடுத்துக் குடுத்தான். அப்படியே ஊர் ஊரா வந்து, அவன் வீடு இருக்கிற ஊர் வரைக்கும் வந்து, இறங்கி உக்காந்து அழுதான். அன்னைக்குக் கஞ்சியில கடைசி வெங்காயத்தப் போட்டு அவனுக்குக் குடுத்தது நான்தான். இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

அப்புறம் ஒருநாள் கோர்ட்டு ஆளு படகுல வந்தான். எல்லாரையும் விடுதோம்னான். நாங்க அப்படியே தரையில உக்காந்துட்டோம். அடுத்த பேச்சு: கேசு முடியலை, கப்பலக் காலியா விட முடியாது, ஒருத்தன் காவலுக்கு இருக்கணும். ஆபீசரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, உங்களுக்குள்ள முடிவு பண்ணிக்கோங்க. அவனுக்குப் பதிலா இதே கப்பல்ல வேல பாத்தவன் எவனாவது திரும்பி வந்தா, இருக்கிறவன விட்டுருவோம். இல்லாட்டி கப்பல் விக்கிற வரைக்கும்.

பெரிய ஆபீசர்தான இருக்கணும்? நீங்களே சொல்லுங்க. நான் சொல்லலை, மனசுல நினச்சேன். ரெமியும் வாயத் தொறக்கப் போனான், அதுக்குள்ள பிலிப்பைன்ஸ்காரன், அது நியாயம் இல்ல, குலுக்கிப் போடுவோம்னுட்டான். எங்கிட்ட இருந்த ஸ்பூனுல ஒண்ணு காம்பு வளைஞ்சது, அது யாரு கையில வருதோ அவன் இருக்கணும். எல்லாத்தையும் துண்டுக்குள்ள போட்டு நான் பிடிச்சுக்கிட்டேன். ஒருத்தன் ஒருத்தனா உள்ள கைய விட்டு எடுத்தானுக. நேரா இருக்கு, நேரா இருக்கு. ரெமி எடுத்ததும் நேரா இருக்கு. கடைசியில துண்டுக்குள்ள ஒண்ணுதான் இருந்துது. நான் அதை எடுக்கவே இல்ல. துண்டோட சேத்து நெஞ்சுல பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

சமையல் பண்ணுன இடத்துக்குப் போயி உக்காந்துட்டேன். ரெமி வந்து பக்கத்துல உக்காந்தான்.

"ஆன்சி கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சுல்லா?"

"ஆமா."

"அப்ப நீ போ. போயி அதை முடி. உனக்குப் பதிலா நான் இருக்கேன். கல்யாணம் முடிஞ்சதும் வந்துரு. நீ வந்து ஏறுற படகுலயே நான் இறங்கிக்கிடுதேன்."

நான் கேக்கலை சார். நான் அவன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலை. அவனா வந்தான், அவனா சொன்னான். படகுல ஏறும்போது, "வாரேன் ரெமி"ன்னேன். அவ்வளவுதான். அதைப் போயி ஜெரால்டா, "வாரேன்னு வாக்குக் குடுத்துட்டுல்லா போனீங்க?"ங்கா. நம்ம ஊர்ல போகும்போது எல்லாரும் வாரேன்னுதான சொல்லுவோம்? இப்ப நீங்க பஸ்ஸ விட்டு இறங்கும்போது எங்கிட்ட வாரேன்னு சொல்லுவீங்க. நான் உக்காந்து பாத்துக்கிட்டா இருப்பேன்?

கல்யாணம் நல்லா நடந்துது. ஊரே வந்துது. ஜெரால்டாவும் வந்தா, அண்ணன் சார்பா ஒரு சேல எடுத்துட்டு வந்து ஆன்சி கையில குடுத்தா. "எப்பண்ணே கிளம்புதீங்க?"ன்னு பந்தியில வச்சே கேட்டா. பந்தியில வச்சுக் கேக்குற கேள்வியா அது?

கிளம்பக்கூடாதுன்னு இல்ல சார். மொத மாசம் மறுவீடு, அது இதுன்னு போச்சு. அடுத்து எனக்கு சுகர்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம் வெள்ளம் வந்துது. எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. ரெமி வீட்டுல அந்த ரெக்கார்டு பூராவும் ஊறிப்போச்சு, ஜெரால்டா வெயில்ல காயப் போட்டா, எல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சுபோச்சு. இந்த நேரத்துல நான் எப்படிப் போக? வீட்டப் பாக்க வேண்டாமா? அதுக்குள்ள ஆன்சி மாசமாயிட்டா. மொதப் பேரப் பிள்ள. போனா, அது எந்த வருசம் விடுவான்னு தெரியாது. பேரன் முகத்தப் பாக்காம அங்க போயி இருக்கச் சொல்லுதீங்களா?

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் கோயில் வாசல்ல ஜெரால்டா நிப்பா. ஒண்ணும் பேச மாட்டா. சும்மா பாப்பா. நான் மொத பூசைக்கு மாறுனேன். அவளும் மொத பூசைக்கு வந்தா. நான் போறதையே விட்டுட்டேன். ஒரு மனுசன சாமி கும்பிட விடாம பண்ணுறது பாவம் இல்லையா?

அது போதாதுன்னு இவன் வேற. தண்ணி குடுக்க வர்ற படகுக்காரன்கிட்ட போனக் குடுத்துச் சார்ஜ் போட்டு வாங்கிருக்கான். அதுல பாட்டப் பதிஞ்சு எனக்கு அனுப்புதான். பேச்சு கிடையாது. எப்ப வாரேன்னு கேக்க மாட்டான். பாட்டு மட்டும். மாசம் ஒண்ணு, பௌர்ணமிய ஒட்டி வரும். பின்னாடி காத்துச் சத்தமும் சங்கிலி உரசுற சத்தமும் கேக்கும். வேற மனுச சத்தமே இருக்காது. போகப் போகக் கம்பியும் கொறஞ்சுட்டே வந்துது. மூணு கம்பி, ரெண்டு கம்பி. என்னையக் குத்திக் காட்டத்தான அனுப்புதான்? பிலோமி, எம் பொண்டாட்டி, "அவருக்குப் பேச ஆளில்லாம அனுப்புதாருங்க. கேட்டேன்னு ஒரு வார்த்த போட்டு விடுங்களேன்"னா. அவளுக்கு என்ன தெரியும்? அவ கப்பல்லயா இருந்தா?

நம்பர மாத்திட்டேன். அதுக்காக இல்ல. பழைய கம்பெனியில டவர் சரியா எடுக்கலை.

நான் இறங்கி வந்து ரெண்டர வருசம். அந்தக் கப்பல் ஏலம் போயி, போன மாசம் ரெமிய விட்டுட்டாங்க. வந்துட்டான். நல்லதுதான? எனக்கும் சந்தோசம்தான். மனசுல இருந்த பாரம் இறங்குன மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆனா இறங்கலை. அவன் வந்த அன்னைக்குல இருந்து நான் தெருவுல நடக்க முடியலை. மார்க்கெட்டுக்குப் போணும்னா அவன் தெருவத் தாண்டணும். பின்பக்கம் சாக்கடத் தண்ணி ஓடுற வாறுகால் ஓரமாச் சுத்திப் போனேன். அப்புறம் பிலோமியப் போகச் சொன்னேன். அப்புறம் வாசல்ல உக்காருறதையும் விட்டேன். சன்னலச் சாத்திட்டு உள்ள கிடந்தேன். அவன் ஒண்ணும் சொல்லலை சார், அதைச் சொல்லணும். யாருகிட்டயும் என்னையப் பத்தி ஒரு வார்த்த பேசலை. அதுதான் அவன் தந்திரம். திட்டுனா நானும் திட்டலாம்லா?

நேத்து மத்தியானம் சாப்புட்டு எந்திரிக்கேன், வாசல்ல அவன் குரல். "பிலோமி, கஸ்மீர் இருக்கானா?"

என் காலு என்னையக் கேக்கலை. நேரா பாத்ரூமுக்குள்ள போயி தாப்பாளப் போட்டுட்டேன். பிலோமி என்ன செய்வா, "வெளிய போயிருக்காங்க"ன்னுட்டா. போயிருவான்னு பாத்தா, "இருந்து பாத்துட்டுப் போறேன்"னு உள்ள வந்து உக்காந்துட்டான்.

எங்க பாத்ரூம் சின்னது. ரெண்டு பக்கமும் முட்டி இடிக்கும். மேல ஒரு ஓட்ட, அதுல கொஞ்சம் வெளிச்சம். வாளி மேல உக்காரலாம்னா சத்தம் கேக்கும். கொழாய் வேற சொட்டுது, அதைத் திருகுனாலும் கேக்கும். அப்படியே நிக்கேன். ஈரம். வேத்துக் கொட்டுது. அந்தப் பக்கம் பிலோமி டீ போட்டுக் குடுக்கா, அவன் பேரன் போட்டோவப் பாத்துச் சிரிக்கான், ஆன்சி நல்லா இருக்காளான்னு கேக்கான். நேரம் போகுது, போகுது, எந்திரிக்க மாட்டேங்கான்.

அப்புறம் சொல்லுதான். "பிலோமி, ஒண்ணுமில்ல. ஒரு பாட்டு இருக்கு. ஒருத்தன் தண்ணி எடுக்கப் போவான், கிணத்துக்குள்ள அவன் தொப்பி விழுந்துரும், உள்ள பாத்தா நிலா அதைப் போட்டுக்கிட்டு இருக்கும். திருப்பிக் குடுன்னு கேப்பான். அதுக்கு நிலா ஒரு பதில் சொல்லும். அந்த அடி எனக்கு மறந்துபோச்சு. அங்க தனியா இருக்கையில ஒருநாள் பாடுதேன், அந்த இடம் வந்ததும் காலியா இருக்கு. அதுல இருந்து தேடுதேன். ரெக்கார்டும் போச்சு. கம்ப்யூட்டர்லயும் தேடிப் பாத்தாச்சு, அந்தக் குரூப்பு பேரே இல்ல. உலகத்துல அதை வார்த்தையோட மனசுல வச்சிருக்கிறவன்னு எனக்குத் தெரிஞ்சு மிச்சம் அவன்தான். திட்டிக்கிட்டே கேப்பான், ஆனா பாத்திரம் கழுவும்போது அதைத்தான் முணுமுணுப்பான். அவனுக்குத் தெரியும்."

தெரியும் சார். அர்த்தம் பாதிதான் தெரியும், ஆனா வார்த்த தெரியும். அவன் சொல்லி முடிக்கும்போதே எனக்கு வாய்க்கு வந்துட்டுது. இருட்டுக்குள்ள நிக்கேன், உதடு அசையுது. எனக்கே தெரியுது அசையுறது. சத்தம் வரலை.

அவன் பாட்ட மெதுவா மொதல்ல இருந்து பாடிப் பாத்தான். கிட்டார் இல்லாம, சும்மா வாயில. அந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்துனான். நிறுத்திட்டு இருந்தான். நான் சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுபடியும் மொதல்ல இருந்து பாடுனான். மறுபடியும் அதே இடத்துல நிறுத்துனான். பிலோமி அழுற சத்தம் கேட்டுது. அவ எதுக்கு அழுதா?

அப்புறம் நாற்காலி நகண்டுது. வாசலுக்குப் போவான்னு பாத்தா, காலடி இந்தப் பக்கம் வருது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னான். மூச்சு விடுறது கேட்டுது. தட்டலை. கோவமாவும் பேசலை.

"கஸ்மீர்"னான். "நான் கிளம்புதேன். நீ வெளிய வா."

போயிட்டான்.

நான் உடனே வரலை. பிலோமி வந்து கதவத் தட்டுனப்புறம்தான் தாப்பாள எடுத்தேன். "ஒரு அடிதான கேட்டாரு?"ன்னா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசலை. இன்னைக்குக் காலையில டீயக் கொண்டாந்து டக்குனு வச்சுட்டுப் போனா. அதான் பையில ரெண்டு வேட்டிய வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

நீங்க படிச்சவங்க, நியாயம் சொல்லுங்க. என் வீடு சார் அது. என் வீட்டுக்குள்ள, என் பாத்ரூம்ல நிக்கேன். எங்கிட்ட வந்து வெளிய வாங்கான். நான்தான வெளிய வந்தவன்? அவன்தான சார் அத்தன வருசம் உள்ள கிடந்தவன்?